பள்ளி ஆசிரியை நான். வயதான என் நாய் இரவெல்லாம் நடக்கிறது, காலையில் வகுப்பில் எனக்குக் கண் சொருகுகிறது. ஏன் இப்படி?

பெரும்பாலும் இது நாய்களுக்கு வரும் முதுமை மறதி. மூளைச் செல்கள் மெல்லத் தேய்வதால் நினைவும், இரவு பகல் அறியும் திறனும் குழம்புகின்றன. நள்ளிரவில் எழுந்து, விடிந்துவிட்டதென்று காபி கேட்கும் தாத்தாவைப் போலத்தான். சுவரையே வெறிப்பது, மூலையில் சிக்கித் திரும்பத் தெரியாமல் நிற்பது, கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் காத்திருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஆனால் மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, பார்வைக் குறைவு ஆகியவையும் இரவில் எழுப்பும். எனவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மறதிதான் என்றால் அதற்கும் மாத்திரை உண்டு. முழுதாகக் குணமாக்காது, தணிக்கும்.

பள்ளி நாளில் நீங்கள் இல்லாத நேரம் முழுவதும் அது தூங்கிவிடுகிறது. சிக்கலின் பாதி அங்கேதான். பள்ளிக்குக் கிளம்புமுன் வெயிலில் மெதுவாக ஒரு நடை, மதியம் எட்டிப்பார்க்க ஓர் ஆள், மாலையில் இன்னொரு நடை. விடைத்தாள் திருத்தும்போது காலடியில் படுக்கவிடுங்கள், அதற்கு அதுவே போதும். இரவில் சிறு விளக்கு எரியட்டும். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதைத் தனியே விட்டுப்போன கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். அடக்க முடியாமலோ, வெளியே போகவேண்டும் என்பதே மறந்தோதான் அப்படிச் செய்கிறது.