மெல்ல ஓடுபவர் முதலில் புறப்படட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பகுதியில் முப்பது பேர் சேர்ந்து ஓட்டக் குழு ஒன்று நடத்துகிறோம். மாதக் கடைசி ஞாயிறன்று காலையில் ஐந்து கிலோமீட்டர் பந்தயம் வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே மூன்று கல்லூரி மாணவர்கள்தான் பரிசு பெறுகிறார்கள். நடுத்தர வயதினரும் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வேகத்துக்கு ஏற்ப வெவ்வேறு நேரத்தில் புறப்படச் செய்யும் ஹேண்டிகேப் முறை இதற்குத் தீர்வாகுமா? அதை எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: நிச்சயமாகத் தீர்வாகும். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் ஆகிய இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் உங்களுடையது. உடல் எடை பாராமல் எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பளு தூக்கச் சொன்னால் அதைப் போட்டி என்று உங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அப்படியிருக்க, இருபது வயது மாணவரையும் ஐம்பத்தைந்து வயதில் ஓடத் தொடங்கிய அம்மாவையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே விசிலுக்கு ஓடச் சொல்வதில் மட்டும் நமக்கு ஏன் உறுத்தல் ஏற்படுவதில்லை என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

கணக்கு எளியது. ஒவ்வொருவரும் அதே பாதையில் அண்மையில் ஓடி முடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 45 நிமிடம், மளிகைக் கடைக்காரருக்கு 36 நிமிடம், மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியருக்கு 31 நிமிடம் 30 நொடி, மாணவருக்கு 21 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். காலை 5.30-க்கு அம்மா புறப்படுகிறார். கடைக்காரர் 9 நிமிடம் கழித்து 5.39-க்கும், செவிலியர் 13 நிமிடம் 30 நொடி கழித்தும், மாணவர் 24 நிமிடம் கழித்து 5.54-க்கும் புறப்படுகிறார்கள். எல்லாரும் தத்தம் பழைய வேகத்திலேயே ஓடினால் நால்வரும் சரியாக 6.15-க்கு எல்லைக் கோட்டைத் தொடவேண்டும். செவிலியர் அன்றைக்கு 40 நொடி விரைவாக ஓடியிருந்தால் 6.14 கடந்து 20 நொடிக்கு வந்து சேருவார்; மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வருவார்கள். யார் தம்முடைய பழைய நேரத்தைவிட அதிகமாக முன்னேறினார்களோ அவரே முதலில் வருவார் என்பதால், பந்தயம் முடிந்தபின் தாளையும் பேனாவையும் எடுத்துக் கழித்தல் கணக்குப் போட வேண்டிய தேவையே எழாது. கோட்டைத் தொட்ட வரிசையே முடிவு.

எல்லாரையும் ஒன்றாக ஓடவிட்டு, பின்னர் ஒவ்வொருவரின் நேரத்திலிருந்தும் சலுகை நிமிடங்களைக் கழித்து முடிவு சொல்லும் வழியும் உண்டு. அதை நடத்துவது சுலபம் என்றாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன். தனித்தனியாகப் புறப்படும் ஓட்டத்தின் உயிர் கடைசி இருநூறு மீட்டரில் இருக்கிறது. 6.13 வரை சாலை வெறிச்சோடிக் கிடக்கும். அதன்பின் திருப்பத்தில் அம்மா தென்படுவார், அவருக்குப் பின்னால் செவிலியர், செவிலியரின் தோளுக்குப் பின்னால் மூச்சிரைக்க மாணவர். நாற்பத்தைந்து நிமிடம் ஓடியவருக்கும் இருபத்தொரு நிமிடம் ஓடியவருக்கும் இடையே உண்மையான துரத்தல் நடக்கும் காட்சியை வேறெந்த ஓட்டப் பந்தயமும் தராது. கழித்தல் கணக்கில் அது காணாமல் போய்விடும்.

கேள்வி: எங்கள் குழுவில் இந்த முறையை ஓராண்டாகப் பின்பற்றுகிறோம். ஒருவர் இரண்டு மாதம் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, அதிக நிமிடம் வாங்கிக்கொண்டு, மூன்றாம் மாதம் எல்லாரையும் முந்திப் பரிசு பெற்றார். குழுவுக்குள் மனக்கசப்பு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இந்த முறையின் ஒரே பெரிய பலவீனம் இதுதான். எங்கெல்லாம் நேரச்சலுகை உண்டோ அங்கெல்லாம் இந்தக் குற்றச்சாட்டும் இருந்துகொண்டே இருக்கும். ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதில் பயனில்லை. அன்று காலில் வலி இருந்தது என்று அவர் சொன்னால் மறுப்பதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. மெதுவாக ஓடுவதால் லாபம் கிடைக்காதபடி விதியை அமைத்துவிடுவதே நல்ல வழி.

முதலாவதாக, சராசரியை எடுக்காதீர்கள். கடைசியாக ஓடிய மூன்று ஓட்டங்களில் எது சிறந்த நேரமோ அதையே கணக்குக்கு எடுங்கள். சராசரி என்றால் ஒரே ஒரு சோம்பல் ஓட்டம் நிமிடக் கணக்கில் சலுகையைக் கூட்டிவிடும். சிறந்த நேரம் என்றால் மூன்று மாதம் தொடர்ந்து நடிக்கவேண்டும், அதற்குப் பெரும்பாலானோருக்குப் பொறுமை இருக்காது. இரண்டாவதாக, முன்னேற்றத்தை முழுமையாகவும் பின்னடைவைச் சிறிதளவாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு நிமிடம் விரைவாக ஓடினால் அடுத்த மாதம் அந்த ஒரு நிமிடமும் அவருடைய கணக்கிலிருந்து குறையட்டும். மெதுவாக ஓடினால் மாதத்துக்கு 15 நொடிக்கு மேல் கூட்டவேண்டாம். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம் போன்றவற்றுக்குப் பிறகு திரும்பி வருபவர்களுக்கு மட்டும் புதிதாக நேரம் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, எதிர்பார்த்த நேரத்தைவிட நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் விரைவாக ஓடியவரின் நேரத்தைப் பதிவேட்டில் ஏற்றிப் பாராட்டுங்கள். அன்றைய பரிசை அடுத்து வந்தவருக்குக் கொடுங்கள். முப்பது நிமிட ஓட்டக்காரருக்கு ஐந்து பங்கு என்பது ஒன்றரை நிமிடம். தொடர்ந்து ஓடிப் பழகியவர் ஒரே மாதத்தில் அதற்கு மேல் முன்னேறுவது அரிது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, நேரம் நிர்ணயிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பது. அவர் அந்தப் பந்தயத்தில் ஓடாதவராக இருக்கவேண்டும். எல்லாருடைய புறப்பாட்டு நேரமும் அதற்கு அடிப்படையான பழைய நேரங்களும் ஓட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வெளியாகவேண்டும். மூடிய நோட்டில் இருக்கும் கணக்குதான் சந்தேகத்தை வளர்க்கும். பரிசும் பெரிதாக இருக்கவேண்டாம். ரொக்கப் பரிசு வைத்த இடத்தில் நடிப்பு தானாக வந்து சேரும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இது எங்கிருந்து வந்த முறை?
– வாசகர், ஆற்காடு

பதில்: பலம் குறைந்தவருக்கு முன்கூட்டியே ஏதேனும் கொடுத்து ஆடுவது கேரம் பலகையிலும் சதுரங்கத்திலும் நாம் அறிந்ததுதான். ஓட்டத்தில் இதற்குப் புகழ்பெற்ற களம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள ஸ்டாவெல் என்னும் சிற்றூர். தங்கச் சுரங்கங்களால் வளர்ந்த அந்த ஊரில் 1878 முதல் ஈஸ்டர் விடுமுறையில் ‘ஸ்டாவெல் கிஃப்ட்’ என்ற பந்தயம் புல்தரையில் நடைபெறுகிறது. இப்போது அது 120 மீட்டர் ஓட்டம். அங்கே சலுகை நேரமாக அல்லாமல் தூரமாகக் கொடுக்கப்படுகிறது; வேகம் குறைந்தவர் சில மீட்டர் முன்னாலிருந்து புறப்படுவார். குதிரைப் பந்தயத்தில் வேகமான குதிரைமீது கூடுதல் எடை ஏற்றுவார்கள். 1861-இல் தொடங்கிய மெல்போர்ன் கோப்பை அந்த வகையைச் சேர்ந்தது. சாலை ஓட்டம் நீண்டது என்பதால் அதற்குத் தூரத்தைவிட நேரமே பொருத்தமாக அமைகிறது.

கேள்வி: புதிதாகச் சேர்பவருக்கு அந்தப் பாதையில் ஓடிய நேரமே இருக்காதே, அவரை எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, காட்பாடி

பதில்: வேறு தூரத்தில் ஓடிய நேரம் இருந்தால், அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரம் உதவும். தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடியவர் என்றால் அறுபதை 2.085-ஆல் வகுக்கவேண்டும், ஐந்து கிலோமீட்டருக்கு 28 நிமிடம் 47 நொடி என்று வரும். இது மதிப்பீடுதான். எந்தப் பதிவும் இல்லாதவர் முதல் இரண்டு ஓட்டங்களில் கலந்துகொள்ளட்டும், பரிசுக்கு மட்டும் காத்திருக்கட்டும். புதியவர்கள் முதல் சில மாதங்களில் மிக வேகமாக முன்னேறுவார்கள் என்பதால், இந்தக் காத்திருப்பு அவர்களையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

கேள்வி: நான் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வயது 43. சென்ற மாதம் எங்கள் குழுவின் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். “பதினெட்டு நிமிஷம் இனாமா வாங்கிட்டு ஜெயிச்சா, அதெல்லாம் ஒரு ஜெயமா அக்கா?” என்று உடன் ஓடும் தம்பி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து போகவே மனம் வரவில்லை. அவர் சொல்வது சரியா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: சரியில்லை, சகோதரி. அந்தப் பதினெட்டு நிமிடம் உங்களுக்கு யாரும் இனாமாகக் கொடுத்ததன்று. அது உங்கள் பழைய நேரத்துக்கும் குழுவிலேயே வேகமானவரின் பழைய நேரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அதைக் கொடுத்தபின் எல்லாரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். உங்கள் பழைய வேகத்திலேயே ஓடியிருந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் வந்து சேர்ந்திருப்பீர்கள். முதலில் வந்தீர்கள் என்றால், அந்த மாதம் மற்ற எவரையும்விட அதிகமாக முன்னேறினீர்கள் என்றே பொருள். நாள் முழுவதும் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து, அப்படி ஒரு முன்னேற்றத்தைக் காட்டுவது எளிதன்று.

சிறுவர் விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’யாக ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களே, அந்தப் பிள்ளை அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயத்தில் உங்கள் போன்றோரின் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்தது. இந்த முறையில் நீங்கள் பிந்தினாலும் முந்தினாலும் அது கணக்கில் ஏறுகிறது, முந்தினால் அடுத்த மாதம் உங்கள் சலுகையும் குறைகிறது.

அந்தத் தம்பியின் மனக்குறையிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். பல ஆண்டு பயிற்சியால் 21 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 20 நொடி குறைப்பதே பெரும்பாடு. 39 நிமிடத்தில் ஓடுகிறவர் சில வாரங்களில் ஒரு நிமிடம் குறைத்துவிடலாம். ஆகவே உங்கள் குழு ஒவ்வொரு ஓட்டத்திலும் அன்றைய மிக விரைவான நேரத்துக்கும் தனியாக ஒரு பரிசு வைக்கட்டும். அவருக்குரிய மரியாதை அதில் கிடைக்கும். நீங்கள் இந்த மாதமும் தவறாமல் போய்வாருங்கள்.

கேள்வி: வேலூரை வெயிலூர் என்றே சொல்கிறார்கள். தை மாதத்து நேரத்தை வைத்துக் கத்திரி வெயிலில் ஓடச் சொன்னால் கணக்கு மாறாதா?
– வாசகர், வேலப்பாடி

பதில்: மாறும், அதுவும் மெதுவாக ஓடுபவருக்குப் பாதகமாக மாறும். வெப்பத்தால் எல்லாருக்கும் நூற்றுக்கு ஐந்து பங்கு நேரம் கூடுவதாகக் கொள்வோம். 45 நிமிடக்காரர் 2 நிமிடம் 15 நொடியை இழப்பார், 21 நிமிடக்காரர் இழப்பதோ 1 நிமிடம் 3 நொடி. இடைவெளியில் 72 நொடி வேகமானவருக்குச் சாதகமாகிவிடுகிறது. புறப்பாட்டு நேரம் நிர்ணயிக்கும்போதே எல்லாருடைய பழைய நேரத்தையும் ஐந்து பங்கு கூட்டிக்கொண்டால் இந்தப் பிழை நீங்கும். 24 நிமிட இடைவெளி 25 நிமிடம் 12 நொடியாகும். பாலமதி மலைச்சாலை போன்ற ஏற்றத்தில் ஓட்டம் வைத்தாலும் இதே சிக்கல் எழும். சமதளத்து நேரத்தை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஆறு மணிக்குள் எல்லாரும் ஓடி முடிக்கும்படி முதல் ஆளைப் புறப்படச் செய்யுங்கள். வயதானவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாதத்தில் பந்தய வேகத்தில் ஓடவேண்டாம்.

கேள்வி: பாதையைத் துல்லியமாக அளக்க எங்களிடம் கருவி இல்லை. கைப்பேசிச் செயலி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தூரம் காட்டுகிறது. எல்லைக் கோட்டில் ஒரே நேரத்தில் பலர் வருவதால் குழப்பமும் ஏற்படுகிறது.
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: தூரத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். ஒவ்வொருவரும் தம்முடைய பழைய நேரத்தோடுதான் மோதுகிறார்கள் என்பதால், உங்கள் பாதை 4.8 கிலோமீட்டராக இருந்தாலும் முடிவு மாறாது. புறப்படும் இடமும் முடியும் இடமும் திரும்பும் இடமும் மாதத்துக்கு மாதம் மாறாமல் இருந்தால் போதும். மின்கம்பம், மைல்கல் போன்ற நகராத ஒன்றை அடையாளமாக வைத்துச் சாலையில் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

எல்லைக் கோட்டு நெரிசல் இந்த ஓட்டத்தின் இயல்பு; கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு நெரிசல் இருக்கும். ஆகவே கோட்டை முச்சந்தியிலோ பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலோ வைக்காமல், இருநூறு மீட்டராவது நேராகத் தெரியும் சாலையில் வையுங்கள். வண்டிப் போக்குவரத்துள்ள சாலை என்றால் உள்ளூர்க் காவல்நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஒரே ஒரு கடிகாரம் முதல் ஆள் புறப்பட்டது முதல் கடைசி ஆள் வரும் வரை நிற்காமல் ஓடவேண்டும். புறப்படும் இடமும் முடியும் இடமும் ஒன்றாக இருந்தால் இது எளிது. கோட்டில் ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்ல, அடுத்தவர் அதை வரிசையாக எழுதட்டும். மூன்றாமவர் வருகிறவர்கள் கையில் 1, 2, 3 என்று எண்ணிட்ட டோக்கனைக் கொடுத்துக்கொண்டே போகட்டும். ஓடி முடித்தவர்கள் டோக்கனைக் காட்டித் தம் பெயரைச் சொன்னதும் இரண்டு வரிசைகளையும் பொருத்தி, அங்கேயே அடுத்த மாதத்துக்கான புறப்பாட்டு நேரத்தையும் குறித்துவிடலாம்.