எல்4-எல்5 ஜவ்வு விலகல்: ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

மூன்று வாரமாக இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது, ஸ்கேனில் எல்4-எல்5 ஜவ்வு (கீழ் இடுப்பில் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது) பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தவிர வழியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. பிசியோதெரபிஸ்டாக தினமும் இந்த வலிக்காரர்களைத்தான் பார்க்கிறேன்.

முதலில், ரிப்போர்ட்டைப் படித்து மிரளாதீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு புடைத்திருந்தது. உங்களுக்குக் கால் வலிப்பதற்கு நரம்பு அழுத்தப்படுவது மட்டும் காரணமில்லை. ஜவ்வுக்குள் இருக்கும் கூழ் கசிந்து நரம்பு வேரைப் புண்ணாக்கிவிடுகிறது. அந்தக் கூழை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அதுவும் பெரிதாகப் பிதுங்கியதுதான் அதிகம் கரைகிறது. பலருக்குக் கால்வலி 6 முதல் 12 வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும்.

அதுவரை படுத்தே கிடக்காதீர்கள். வலி தாங்குமளவு நடங்கள். வலி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு லாரி டிரைவரைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்கைகளை ஊன்றி மெதுவாக நெஞ்சைத் தூக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், "கெண்டைக்கால் விட்டுருச்சு சார், ஆனா இடுப்பு முன்னைவிட வலிக்குது" என்று பயந்தார். வலி காலைவிட்டு மேலேறி இடுப்பில் ஒதுங்குவது நல்ல அறிகுறி. நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி 1950களில் கவனித்து வளர்த்த முறை இது. வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லோருக்கும் இது ஒத்துவராது, அதனால் யூடியூபைப் பார்த்துச் செய்யாமல் நேரில் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இரவெல்லாம் நீர் ஏறி, காலையில் ஜவ்வு உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது, வாளித் துணி அலசுவது எதுவும் வேண்டாம். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தே நிறையப் பேர் தெளிந்திருக்கிறார்கள். பெல்ட்டை எந்நேரமும் கட்டியிருக்க வேண்டாம். வலி மாத்திரையை டாக்டர் சொன்னபடி போடுங்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் ஆசுவாசம் தரும். ஜவ்வை உள்ளே தள்ளுகிறேன் என்று முதுகில் ஏறி மிதிப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

ஆனால் சிறுநீர் வருவதே தெரியவில்லை, அல்லது அடக்க முடியவில்லை, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போகிறது, இரண்டு காலும் பலமிழக்கிறது என்றால், நள்ளிரவானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது செருப்பு நழுவினாலும் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். அந்த நிலையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.