பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரசங்கம்?

கேள்வி: பர்கூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வயது 24. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று வளர்ந்தவள். போன மே மாத முகாமில் பெண்பிள்ளைகளை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்து துப்பட்டா, லெக்கின்ஸ், செல்போன், கற்பு என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பையன்கள் அந்நேரம் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் ஒரு பெண்ணோடு பழகி அவளை விட்டுவிட்டு வந்தபோது, 'ஆம்பளப் பையன், விடு' என்று வீட்டில் முடித்துவிட்டார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவரும் நானும் விரும்புகிறோம். அவரும் விசுவாசக் குடும்பம்தான். முதலில் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கலாம், கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். கற்பு என்பதே பெண்ணை அடக்க ஆண்கள் செய்த ஏற்பாடு என்று அவர் சொல்வது சரியென்றே படுகிறது. பெண்ணியம் பேசினால் விசுவாசத்தை விட வேண்டுமா? இதற்கு நடுவில், இரண்டு வருஷம் முன்பு இறந்த அப்பாவின் மாந்தோப்பில் உன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு, அதுதான் அடக்கமான பெண்ணுக்கு அழகு என்று நெருக்குகிறார்கள். அப்பா உயில் எதுவும் எழுதவில்லை.
(பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: அன்பு மகளே, உன் வயதில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

வாலிபாலில் இருந்து தொடங்குகிறேன், முகாம் நடத்திய அண்ணன்மாரும் படிக்கட்டும். ஒரு பெண்ணை இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது யாரிடம்? பார்க்கிறவனிடம். கண் இடறச் செய்தால் உன் கண்ணைப் பிடுங்கிப் போடு என்றார். அவளைத் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல் என்று அங்கே ஒரு வரி கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரத்தை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் மைதானத்தில் இருந்திருக்கிறார்கள். பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும் என்கிற 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்தையும் நான் ஒதுக்கவில்லை. (ஆனால் அங்கே பெயர் சொல்லிக் கண்டிப்பது பொன்னையும் முத்தையும் விலையுயர்ந்த துணியையும். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் பலர் அதைக் கைக்கொள்கிறார்கள். மற்ற சபைக் கல்யாணங்களில் யாராவது எழுந்து அந்த வசனத்தை வாசிக்கட்டும் பார்க்கலாம்.)

ஆக, நீ பார்த்த ஓரவஞ்சனை நிஜம். 'ஆம்பளப் பையன், விடு' என்பது வேதத்தில் இல்லை. அது ஊர்வழக்கம், செருப்பைக்கூடக் கழற்றாமல் சபைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நமக்கான சட்டத்திலும் அது இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, மனைவி தவறினாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து உண்டு. கணவன் தவறினால் அது மட்டும் போதாது. கூடவே கொடுமைப்படுத்தினான், இரண்டு வருஷம் கைவிட்டான் என்று இன்னொன்றையும் மனைவி நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் திருத்தினார்கள். அத்தனை வருஷமும் ஆலயத்தில் 'இருவரும் ஒரே மாம்சம்' என்ற பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டேதான் வாழ்ந்தோம். திருத்தச் சொல்லிப் போராடியவர்களில் கிறிஸ்தவப் பெண்களும் இருந்தார்கள், பெண்ணியவாதிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அப்புறம் எங்கே பெண்ணியவாதிகளிடமிருந்து பிரிகிறேன் என்று கேட்பாய். ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்றிருந்தால் அதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பெண்ணிடம் கேட்டதை ஆணிடமும் கேட்கலாம். அல்லது ஆணிடம் கேட்காததைப் பெண்ணிடமும் கேட்காமல் விட்டுவிடலாம். இன்றைய பெண்ணியத்தில் பெரும்பகுதி இரண்டாவது வழியில் போய்விட்டது. நான் முதல் வழியில் நிற்கிறேன், ஏனென்றால் வேதம் அங்கேதான் நிற்கிறது.

கொரிந்து, பவுல் காலத்தில் ரோமர் ஆட்சியில் இருந்த கிரேக்கத் துறைமுகப் பட்டணம். அன்றைய ரோமானிய வழக்கப்படி, கல்யாணமான ஆண் அடிமைப் பெண்ணிடமோ வேசியிடமோ போனால் அதை யாரும் விபசாரமாக எண்ணவில்லை. சுத்தமாக இருக்க வேண்டியவள் மனைவி மட்டும். அந்த ஊர் சபைக்குப் பவுல் எழுதுகிறார்: மனைவியின் சரீரத்துக்குப் புருஷனே அதிகாரி. இதுவரை கொரிந்து ஆண்கள் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து, புருஷனுடைய சரீரத்துக்கு அவன் அதிகாரி அல்ல, மனைவியே அதிகாரி என்கிறார். 1 கொரிந்தியர் 7:4, எடுத்துப் படி. கற்பு ஆண்கள் தங்கள் வசதிக்குச் செய்த ஏற்பாடு என்றால், இந்த வரியை எந்த ஆண் தன் வசதிக்காக எழுதிக்கொள்வான் என்று உன் நண்பரிடம் கேள்.

ஜோசஃபின் பட்லர் என்று ஒருவர். இங்கிலாந்தில் ஒரு குருவானவரின் மனைவி. 1860களில் அங்கே ஒரு சட்டம் வந்தது. ராணுவ ஊர்களில், வேசி என்று போலீஸ் சந்தேகப்பட்ட பெண்ணைப் பிடித்து உடல் பரிசோதனை செய்யலாம், மறுத்தால் சிறை. அவளிடம் போய்வந்த சிப்பாய்க்கு ஒன்றுமில்லை. பட்லர் 1869இல் கிளம்பியவர், 1886இல் அந்தச் சட்டம் ரத்தாகும் வரை விடவில்லை. பிறகு நம் நாட்டுக் கண்டோன்மென்ட்களில் நடந்த அதே அநியாயத்தையும் எதிர்த்தார். கேவலமான விஷயம் பேசுகிறாள் என்று மரியாதைப்பட்டவர்கள் முகம் சுளித்த காலம் அது. சிப்பாயைப் போல எங்களையும் விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒழுக்கம் வேண்டும் என்றார், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. விசுவாசத்தை விட்டால்தான் பெண்ணுக்காகப் பேச முடியும் என்று உன்னிடம் யார் சொன்னது?

இப்போது உன் நண்பர் விஷயம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் யாருக்கு வசதி என்று பார். ஓசூரில் வீடு எடுப்பீர்கள், வீட்டுக்காரரிடம் கணவன் மனைவி என்று சொல்லுவீர்கள், அட்வான்ஸில் பாதி நீ போடுவாய். இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டில் பெண் பார்த்தால், பையை எடுத்துக்கொண்டு கிளம்ப அவருக்கு ஒரு சாயங்காலம் போதும். 'ஆம்பளப் பையன், விடு' என்று அங்கேயும் சொல்ல ஆள் இருக்கும். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கல்யாணம் போன்ற உறவில் இருந்த பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது, உண்மைதான். ஆனால் அப்படித்தான் வாழ்ந்தோம் என்று நிரூபித்துக்கொண்டு நீதான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். உன் அண்ணன் விட்டுவிட்டு வந்த பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று உன் கடிதத்திலும் ஒரு வரி இல்லை, கவனித்தாயா?

இதெல்லாம் லாப நஷ்டக் கணக்கு. அவர் கடைசிவரை உன்னோடு இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உடலைக் கொடுப்பது ஆளையே கொடுப்பது. 'மரணம் நம்மைப் பிரிக்கும்வரை' என்று நாலு பேர் முன்னால் சொல்லத் தயாராக இல்லாதவர், உடலால் மட்டும் அதைச் சொல்வது பொய். ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் பொய்தான். கல்யாணத்துக்கு முன் வேண்டாம் என்று நம் விசுவாசம் சொல்வது இதனால். பெண்ணின் 'மதிப்பு' குறைந்துபோகும் என்பதால் அல்ல. 'கெட்டுப்போனவள்' என்று எந்தப் பாஸ்டர் சொன்னாலும் காதில் வாங்காதே. யோவான் 8இல் அந்தப் பெண்ணை மட்டும் இழுத்துவந்தார்கள், கூட இருந்தவனைக் காணோம். இயேசு அவளைத் தண்டிக்கவும் இல்லை, இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லாமல் விடவும் இல்லை. சபையில் சிலர் முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள், உன் தோழிகள் சிலர் இரண்டாவது பாதியை.

நீ கேட்கவில்லை, ஆனாலும் நம் பக்கத்து ஆள் என்பதால் ஒன்று. 'என் உடல், என் உரிமை' என்று கருக்கலைப்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பாய். 2001 கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரி இன்னும் தனி மாவட்டம் ஆகாத காலம், தர்மபுரியில் ஆறு வயது வரை பெண்குழந்தைகள் ஆண்குழந்தைகளைவிட மிகக் குறைவு. தொட்டில் குழந்தைத் திட்டத்தை அந்த வருஷம்தான் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் பார்த்துக் கலைத்தார்களே, அது எந்தப் பெண்ணின் உரிமை? சம்மதித்தவள் தாய்தான், பக்கத்தில் நின்றது மாமியார். வயிற்றில் இருந்ததும் பெண்தான். இந்த மண்ணில் பிறந்துவிட்டு அந்த முழக்கத்தை என்னால் சேர்ந்து சொல்ல முடியாது.

புருஷன் தலை என்ற எபேசியர் 5ஐ நான் நம்புகிறேன். ஆனால் சபைக்காகத் தன்னையே கொடுத்த கிறிஸ்துவைப் போல அன்புகூரச் சொன்னது புருஷனிடம். கை ஓங்குகிறவன் அந்த வசனத்தைத் தொடக்கூடாது. பெண்கள் ஆயராகலாமா என்பது சபைக்குச் சபை வேறு, சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) இருக்கிறார்கள், பல சபைகளில் இல்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்? உன் நண்பரிடம் பெண்ணியமும் விவாதிக்க வேண்டாம், வேதமும் விவாதிக்க வேண்டாம். 'நம் கல்யாணத்தைச் சபையில் அறிவித்து மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க எப்போது பெயர் கொடுக்கலாம்?' என்று மட்டும் கேள். தேதி சொன்னால் உன் வீட்டில் பேச நானே பாஸ்டருக்குக் கடிதம் எழுதுகிறேன். 'அதெல்லாம் அப்புறம்' என்றால், உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாலிபர் முகாம் விஷயத்தைப் பாஸ்டரம்மாவிடம் நேரில் சொல். அடுத்த முகாமில் அதே வகுப்பைப் பையன்களுக்கும் வைக்கச் சொல்.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே, இப்போதைக்கு. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் இரண்டே பிள்ளைகள் என்றால் உனக்கும் மூன்றில் ஒரு பங்கு வரும். அடக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யோபு தன் மகள்களுக்கு அவர்கள் சகோதரர் நடுவிலேயே சுதந்தரம் கொடுத்தான், 42ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, அண்ணனுக்குக் காட்டு. பிறகு மனசார விட்டுக்கொடுக்க நினைத்தால் கொடு, அது உன் இஷ்டம். அதற்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடு. போகும்போது அம்மாவையும் கூட்டிப்போ, அந்தத் தோப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.