“கப்” என்றால் என் முகத்தைப் பார்க்கிறான்: ஓட்டிசப் பிள்ளைகளும் படங்களும், கேள்வி பதில்

கல்முனைப் பக்கம் விசேட கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படம் பார்த்துச் சாமான்களை அடையாளம் காணப் பழக்குவது பற்றி வந்த கேள்விகளில் சில இவை.

மகனுக்கு நாலு வயது, இன்னும் கதைக்கவில்லை. சுவரில் பெரிய சார்ட் ஒட்டி “இது அன்னாசி, இது கப்பல்” என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்றையும் காட்டுகிறானில்லை. (அம்மா, களுவாஞ்சிகுடி)

காது பரிசோதித்தீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அது. அப்புறம் அந்தச் சார்ட்டைக் கழற்றி வையுங்கள், அம்மா. ஒரே தாளில் நாற்பது படம் இருந்தால் பிள்ளை எதைப் பார்ப்பான்? கப்பலோடு அவனுக்கு என்ன வேலை? அவன் கை தினமும் படுகிற செருப்பு, கப், சீப்பு, பாண், வாளி போதும்.

படத்துக்கு முன்னால் பொருள். ஒரே மாதிரி இரண்டு கரண்டி, இரண்டு கப் எடுத்து, கையில் கொடுத்த கரண்டியை மற்றக் கரண்டியோடு வைக்கப் பழக்குங்கள். அது வந்தபின் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைச் சேர்க்கட்டும். பிறகு பொருளைப் படத்தோடு. இவ்வளவுக்கும் அவனுக்குச் சொல் விளங்க வேண்டியதில்லை. இந்தத் தாளில் இருப்பது அந்தச் செருப்புத்தான் என்று பிடிபட்டால் சரி. படத்தை நீங்களே போனில் எடுங்கள், பின்னால் ஒரு வெள்ளைத் துணி விரித்து. கண்ணும் மூக்கும் வைத்துச் சிரிக்கிற கார்ட்டூன் செருப்பு வேண்டவே வேண்டாம்.

ஒரு படத்தை மட்டும் வைத்து நன்றாகப் பழக்கிவிட்டு இரண்டாவதைச் சேர்ப்பதா, மிஸ்? (முன்பள்ளி ஆசிரியை, அக்கரைப்பற்று)

நானும் முதல் சில வருடம் அப்படித்தான் செய்தேன். மேசையில் ஒரு படம்தான் என்றால் பிள்ளை உங்கள் சொல்லைக் கேட்கவே தேவையில்லை. நீங்கள் “யானை” என்றாலும் அதைத்தான் தொடும். இரண்டு வைத்தால் சும்மா தொட்டாலே பாதி சரியாகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே மூன்று வையுங்கள். மூன்றையும் மாறி மாறிக் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுங்கள். மேலே நான் சொன்ன செருப்பையும் சீப்பையும் முதலில் ஒன்றாக வைக்க வேண்டாம். காதுக்கு இரண்டும் கிட்டக்கிட்ட.

“மகன், இங்க பாருங்க, செருப்பு எங்க இருக்கு, காட்டுங்க” என்று நீட்டாமல் “செருப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன கையோடு சரியான படத்தை நீங்களே விரலால் காட்டிவிடுங்கள். சில நாள் போனதும் இரண்டு விநாடி பொறுத்துக் காட்டுங்கள், பிறகு நாலு விநாடி. அந்த இடைவெளியில் பிள்ளை உங்களை முந்தும். அப்போது கொண்டாடுங்கள், நீங்கள் காட்டித் தொட்டதற்கு ஒரு சின்ன “ஆ, சரி” போதும்.

என்னிடம் பத்துக்குப் பத்து. மாமி கேட்டால் ஒன்றும் வராது. “கப்” என்றவுடன் அவன் என் முகத்தைத்தான் பார்க்கிறான். (அப்பா, காரைதீவு)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. என்னிடம் ஒரு சிறுமி இப்படித்தான் எல்லாம் சரியாகத் தொட்டாள். ஒருநாள் போனில் பதிவு செய்து பார்த்தேன். வாய் “கப்” என்று சொல்ல முன்னமே என் கண் கப்புக்குப் போய்விடுகிறது! அவள் என் கண்ணைத்தான் வாசித்திருக்கிறாள். கெட்டிக்காரி. மூன்று மாதம் நான் படித்துக்கொடுத்தது அதைத்தான்.

கண் மட்டுமல்ல. சிலர் சரியான படத்தைக் கடைசியாக வைப்பார்கள், சிலர் அதைப் பிள்ளைக்குக் கிட்டத் தள்ளுவார்கள், கை சரியான படத்துக்கு மேலே வரும்போது தலை தானாக ஆடும். கேட்கும்போது பிள்ளையின் நெற்றியைப் பாருங்கள். எந்தப் படம், எந்த இடம் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்து அதன்படி போங்கள். எப்போதும் வலதுபக்கப் படத்தையே தொடுகிற பிள்ளைக்கும் அந்தத் தாள் உதவும்.

வகுப்பில் கப் படத்தைக் காட்டுகிறான். வீட்டில் உண்மைக் கப்பைத் தெரியாது. (அம்மா, ஏறாவூர்)

அந்த அட்டையில் மூலை மடிந்திருக்கிறதா, நீலக் கரை இருக்கிறதா என்று பாருங்கள். அவன் அதைத்தான் “கப்” என்று வைத்திருக்கலாம். 1971இல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் வெளிச்சம், சத்தம், தொடுகை மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, பிறகு தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டிசப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏதோ ஒன்றுக்கு மட்டுமே துலங்கினார்கள். ஆகவே சிவப்புக் கப், எவர்சில்வர் கப், உடைந்த கைபிடிக் கப் என்று நாலைந்து படம் எடுங்கள். குசினியிலும் திண்ணையிலும் வைத்துக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் “கறி” என்கிறார்கள், நாங்கள் வீட்டில் “ஆணம்” என்போம். எதைப் பழக்குவது? (உம்மா, காத்தான்குடி)

ஆணம். பிள்ளைக்குப் பசிக்கிற வீட்டில் என்ன சொல்கிறீர்களோ அது. டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். கறி பிறகு வரும்.

படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். (அம்மா, செங்கலடி)

படம் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. 1985இல் அமெரிக்காவின் டெலவெயரில் ஆண்டி பொண்டியும் லோரி புரொஸ்டும் தொடங்கிய பெக்ஸ் முறையில் பிள்ளை படத்தைக் கொடுத்துத்தான் வேண்டியதைக் கேட்கும். சில பிள்ளைகள் அதோடு கதைக்கவும் தொடங்குகிறார்கள், எல்லாரும் அல்ல. கேட்க ஒரு வழி இருந்தால் கத்தல் குறையும்.

தம்பிக்கு 15 வயது. இனிப் பிந்திவிட்டதா? (அக்கா, வாகரை)

பிந்தவில்லை, தங்கச்சி. ஆனால் அவனுக்குப் பந்தும் பொம்மையும் காட்டாதீர்கள். சவர்க்காரம், துவாய், கழிப்பறைக் கதவு, பஸ், கடையில் வாங்கும் சாமான். மூன்று படத்தைக் கையில் கொடுத்துக் கடைக்குக் கூட்டிப்போங்கள், அவனே எடுக்கட்டும்.

சரியாகக் காட்டினால் கச்சான் கொடுக்கலாமா? ஐந்து நிமிடத்தில் எழும்பி ஓடுகிறான். வயது மூன்று. (அப்பா, வாழைச்சேனை)

ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் வேண்டாம், அண்ணா, தொண்டையில் அடைக்கும். ஊஞ்சலோ சவர்க்காரக் குமிழியோ, அவனுக்கு எது பைத்தியமோ அது. ஐந்து நிமிடத்தில் ஓடுகிறான் என்றால் மூன்றாவது நிமிடத்தில் நீங்களே நிறுத்தி அனுப்பிவிடுங்கள். பின்னேரம் இன்னொரு மூன்று நிமிடம் பார்க்கலாம்.