ரம் கப்கேக்: எந்த பாட்டில், எவ்வளவு, யாருக்கு?

பண்டிகை விடுமுறை நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி கேக் பற்றியவை. இந்த முறை ரம், காபி லிக்யூர் (காபி மணமுள்ள இனிப்பு மது), ஐரிஷ் க்ரீம் (விஸ்கியும் பால் ஏடும் கலந்த இனிப்பு மது) என்று பாட்டிலும் கையுமாக வந்திருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு 12 ரம் கப்கேக் செய்ய ஆசை. செய்முறையில் ‘60 மில்லி நல்ல டார்க் ரம், மாவில் கலக்கவும்’ என்று இருக்கிறது. விலை கூடிய ரம் வாங்கினால்தான் மணம் வருமா? ஒரு நாள் கூத்துக்காக முழு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கவும் மனமில்லை.

பதில்: முழு பாட்டில் வாங்காதீர்கள். மினியேச்சர் என்று 50 மில்லியில் ஒரு குட்டி பாட்டில் விற்பார்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 12 கப்கேக்குக்கு அது போதும். ஆனால் அதை மாவில் ஊற்றாமல் இருக்க வேண்டும்.

ரம்மில் இருக்கும் ஆல்கஹால் சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அது ஆவியாகும்போது மணத்தில் ஒரு பங்கையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கப்கேக் வேகும் இருபது நிமிடமும் வீடே கமகமக்கும். நாமும் ‘ஆகா, சரியாக வந்திருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வந்த மணம் கேக்கை விட்டுப் போன மணம்தானே! ஆறிய பிறகு கடித்துப் பார்த்தால் பாட்டில் வாங்கியதற்கு அடையாளமே இருக்காது.

அதனால் கேக்கை எப்போதும்போலச் செய்யுங்கள். ஓவனில் வைத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் அதே அளவு தண்ணீரும் சேர்த்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின் 30 மில்லி ரம்மைச் சேருங்கள். எரியும் அடுப்பின் மேல் வைத்துக்கொண்டு ஊற்றவே கூடாது. 40 சதவீதம் ஆல்கஹால் உள்ள ரம்மின் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும்.

கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பல் குச்சியால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இடத்தில் அடிவரை குத்துங்கள். ஒரு கப்கேக்குக்கு ஒரு தேக்கரண்டி பாகு. அதையும் ஒரே மூச்சில் ஊற்றினால் மேல்பகுதி நசநசத்துப் போகும், அடி காய்ந்து கிடக்கும். பாதி ஊற்றி, அது உள்ளே இறங்கியதும் மீதி. அப்புறம் மூடி போட்ட டப்பாவில் ஓர் இரவு வைத்தால் ஈரம் எல்லாப் பக்கமும் பரவிவிடும். மேலே வைக்கும் பட்டர் க்ரீமில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. ஆக மொத்தம் 45. பாட்டிலில் மிஞ்சும் 5 மில்லியை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

விலை விஷயம். பல வருடம் பீப்பாயில் ஊறிய ரம்மின் நுணுக்கமெல்லாம் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அடியில் காணாமல் போய்விடும். நடுத்தர விலை போதும். நிறத்தைப் பாருங்கள்: டார்க் ரம் என்றால் அந்தக் கருகிய சர்க்கரை வாசனை கேக்கில் நிற்கும், வெள்ளை ரம் என்றால் வாசனையைத் தேடத்தான் வேண்டும். லேபிளில் ‘ஸ்பைஸ்டு’ என்று இருந்தால் பெரும்பாலும் அதிலேயே வெனிலாவும் இனிப்பும் இருக்கும். அப்போது மாவில் வெனிலா எசென்ஸைக் குறைத்துவிடுங்கள். ரம்முக்குப் பதில் காபி லிக்யூர் வாங்கினால் பாகே தேவையில்லை. அதில் ஆல்கஹால் பொதுவாக 16 முதல் 20 சதவீதம், சர்க்கரையோ ஏற்கெனவே தாராளம். அப்படியே ஊற்றலாம்.

கேள்வி: ஓவனில் வைத்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும், குழந்தைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறார் என் அக்கா. சரியா?

பதில்: அக்கா மட்டும் சொல்லவில்லை, பேக்கரி நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். ஆனால் சரியில்லை.

அமெரிக்க வேளாண்மைத் துறை, சமைத்த பின் உணவில் எவ்வளவு ஆல்கஹால் தங்குகிறது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கலவையில் சேர்த்து 15 நிமிடம் ஓவனில் வைத்தால் சுமார் 40 சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரம் வெந்தாலும் கால் பங்கு இருக்கும். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். கப்கேக்கை இரண்டரை மணி நேரம் வைத்தால் கரிதான் மிஞ்சும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மில்லி ரம், 40 சதவீதம் என்றால் அதில் 24 மில்லி ஆல்கஹால், எடையில் சுமார் 19 கிராம். மாவில் கலந்து வேகவைத்தால் சுமார் ஏழரை கிராம் தங்கும். 12 கப்கேக்குக்குப் பிரித்தால் ஒன்றுக்கு முக்கால் கிராம்கூட வராது. வெந்த பிறகு ஊற்றுவது வேறு கதை. சிலர் பாகு கலக்காமல் ஒரு தேக்கரண்டி ரம்மை அப்படியே ஊற்றுவார்கள். அதில் மட்டும் 1.6 கிராம், துளியும் ஆவியாகாமல். க்ரீமில் 30 மில்லி கலந்தால் ஒன்றுக்கு இன்னொரு 0.8. மூன்று வழியிலும் சேர்த்தால் ஒரு கப்கேக்கில் மூன்று கிராம். பல நாடுகளில் ‘ஒரு அளவு மது’ என்பது 10 கிராம் ஆல்கஹால். மூன்று கப்கேக் சாப்பிட்டவர் கிட்டத்தட்ட ஒரு அளவு குடித்த மாதிரிதான்.

மேலே நான் சொன்ன மினியேச்சர் முறையில் ஒன்றுக்கு 1.2 கிராம்தான் வரும். வளர்ந்த ஒருவருக்கு அது பொருட்டில்லை. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை, மேலே இனிப்புக் க்ரீம் இருக்கிறதே என்று மூன்றை எடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்குத் தனியாக ஆறு கேக் ரம் இல்லாமல் செய்யுங்கள். வேறு நிறக் காகிதக் கப்பில் வையுங்கள், ‘இடது தட்டு, வலது தட்டு’ என்று வாயால் சொல்லி வைப்பதெல்லாம் கூட்டத்தில் நிற்காது. கர்ப்பமாக இருப்பவர்கள், குடியை விட்டு மீண்டு வருபவர்கள், மத நம்பிக்கையால் தொடாதவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்குச் சிறிதளவு ஆல்கஹால்கூட முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரை கொண்டுபோகலாம். அவர் அதை ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். நீங்கள்தான் தட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ரம் எசென்ஸே வாங்கிவிடலாமா? கடையில் ‘சமையல் ஒயின்’ என்றும் ஒன்று இருக்கிறது, விலையும் குறைவு.

பதில்: சமையல் ஒயினை வைத்துவிட்டு வாருங்கள். அதைக் குடிக்கத் தகாததாக ஆக்குவதற்காகவே பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள். குழம்புக்குச் சரி, கேக்குக்கு ஆகாது. லேபிளில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

எசென்ஸ் தப்பில்லை. எல்லோரும் ஒரே தட்டில் எடுக்கும் விருந்துக்கு நான் எசென்ஸைத்தான் சொல்வேன். ஆனால் ஆல்கஹாலே கூடாது என்பவருக்காக வாங்குகிறீர்கள் என்றால் பின்பக்க லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். எசென்ஸில் மணத்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவமே சில சமயம் ஆல்கஹால்தான். தினமும் கேக்கில் ஊற்றுகிறோமே, அசல் வெனிலா எக்ஸ்ட்ராக்ட், அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். ரம்முக்குக் கொஞ்சம்தான் குறைவு! ப்ரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவற்றில் கரைத்ததும் கிடைக்கும், அதைத் தேடுங்கள். 

எசென்ஸைச் சொட்டுக் கணக்கில் விடுங்கள். கரண்டிக் கணக்கில் விட்டால் கேக் மிட்டாய்க் கடை மாதிரி மணக்கும், நாக்கில் கசக்கும்.

கேள்வி: ஒரு பேக்கரியில் ‘ரம் கப்கேக்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து இரண்டு டஜன் ஆர்டர் செய்தேன். சாதாரண கப்கேக்கின் விலையைவிட ஒன்றரை மடங்கு. வந்ததில் எசென்ஸ் வாசனைதான். கேட்டால், ‘ரம் போட்டோம், வெந்ததில் போய்விட்டது’ என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் சங்கடம். மாவில் மட்டும் கலந்திருந்தால் மணம் போயிருக்கும். ருசியை வைத்து நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே வாதத்தை ருசியில் வைக்காதீர்கள், எழுத்தில் வையுங்கள். மெனுவில் ‘ரம்’ என்று இருந்ததா, ‘ரம் ஃப்ளேவர்’ என்று இருந்ததா? அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, என்னென்ன பொருள் சேர்த்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எசென்ஸ் என்று பதில் வந்தால் கூடுதலாக வாங்கிய விலையைத் திருப்பிக் கேட்க நியாயம் இருக்கிறது. பதிலே வராவிட்டால் உங்கள் ஊர் நுகர்வோர் அமைப்புக்குப் போக அந்தப் படமும் ரசீதும் போதும்.

அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது கேட்பதற்கு: ரம்மை மாவில் சேர்ப்பீர்களா, வெந்த பிறகா? ஒரு டஜனுக்கு எத்தனை மில்லி? உண்மையில் ஊற்றுகிறவர் யோசிக்காமல் எண்ணைச் சொல்வார். ‘தாராளமா போடுவோம்’ என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். மது சேர்த்த உணவை விற்க உரிமம் கேட்கும் ஊர்களும் உண்டு. வீட்டிலிருந்து செய்து விற்பவரிடம் வாங்கினால் அதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம்.

கேள்வி: ஐரிஷ் க்ரீம் பாட்டில் பாதி மிஞ்சியிருக்கிறது. அடுத்த கொண்டாட்டம் வரை வைக்கலாமா? போன தடவை அதை ஊற்றியதும் பட்டர் க்ரீம் திரிந்துபோனது. ஊற்றும் வேலையே வேண்டாம் என்று, கப்கேக்கில் செருகும் பிளாஸ்டிக் பிப்பெட்டும் (திரவத்தை நிரப்பிப் பிதுக்கும் குட்டிக் குழாய்) பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: ரம், பிராந்தி மாதிரி அது வருடக்கணக்கில் நிற்காது, உள்ளே பால் ஏடு இருக்கிறதே. லேபிளில் தேதி போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. ஊற்றும்போது கட்டி கட்டியாக விழுந்தாலோ புளித்த வாடை வந்தாலோ தேதியே பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

பட்டர் க்ரீம் திரிந்தது பாட்டிலின் குற்றமாக இருக்காது. நானும் ஒருமுறை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த லிக்யூரைச் சில்லென்று மொத்தமாக ஊற்றி, கிண்ணம் நிறைய உடைந்த தயிர் போல ஒன்றைச் செய்து வைத்தேன். விருந்தினர் வர ஒரு மணி நேரம். கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் அரை நிமிடம் வைத்து, ஓரத்தில் வெண்ணெய் லேசாக இளகியதும் மறுபடி அடித்தேன், சேர்ந்துகொண்டது. வெண்ணெயும் லிக்யூரும் ஒரே அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு அடிக்க வேண்டும். கால் கிலோ பட்டர் க்ரீமுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் குழாயில் பிழிந்தால் நிற்காது, வழியும்.

பிப்பெட் வாங்குவதானால் உணவுக்கு ஏற்றது என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஆய்வகத்துக்கென்று விற்கும் மலிவான பொட்டலமும் பார்க்க அச்சு அசல் இதேபோல இருக்கும். ஒன்றில் மூன்று நான்கு மில்லி பிடிக்கும். ரம் நிரப்பினால் சுமார் ஒரு கிராம் ஆல்கஹால், கலப்படமில்லாமல், பொம்மை மாதிரி ஒரு குப்பியில். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் காபியையோ சாக்லேட் பாகையோ நிரப்பிச் செருகுங்கள்.