மாற்றுப் பொருளாதாரம் என்றால் என்ன? அதை வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எவ்வளவு பணம் புரண்டது என்பதோடு நிற்காமல், அது யார் கைக்குப் போனது, அதற்காக மண்ணும் நீரும் என்ன ஆயின என்றும் பார்ப்பதுதான் மாற்றுப் பொருளாதாரம்.

ஏன் இப்படிப் பார்க்க வேண்டும்? மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஓராண்டில் நாட்டில் உற்பத்தியானவற்றின் மதிப்பைக் கூட்டும் கணக்கு, வரவை எழுதும், இயற்கை இழப்பைக் கழிக்காது. பினாங்கு பாலிக் புலாவில் காய்த்துக்கொண்டிருக்கும் டுரியான் மரத்தை வெட்டிப் பலகையாக விற்றால் அந்த ஆண்டு வரவு கூடும். இனிப் பழமே இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது.

சரி, வகுப்பில் எங்கே தொடங்குவது? நம் மலேசிய ரப்பர் தோட்ட வரலாற்றில் தொடங்கலாம் என்பேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது தொழிலாளர்களுக்கு வேலையும் வீடும் சேர்ந்தே பறிபோயின. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டி, தோட்டங்களுக்கே உரிமையாளர் ஆனார்கள். கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். கோலாலம்பூரில் துன் சம்பந்தன் சாலை வழியாகப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இடைநிலைப்பள்ளியின் கொப்பராசி கடை, அதாவது பள்ளிக் கூட்டுறவுக் கடை. அதன் ஆண்டுக் கணக்கை எடுத்துவைத்து, மிஞ்சிய பணத்தை உறுப்பினருக்குப் பிரிப்பதா, நெகிழிப் பையை நிறுத்தச் செலவிடுவதா என்று மாணவர்களையே வாதாட விடுங்கள்.

இது இலாபமே கூடாது என்கிற பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கூட்டுறவும் இலாபம் பார்த்தால்தான் உறுப்பினருக்கு ஈவு கொடுக்க முடியும்.