வெயிட்டா, ஓட்டமா? காலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

கேள்வி: வணக்கம் சார். வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. எட்டு மாதமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். முதல் இரண்டு மாதத்தில் 3 கிலோ குறைந்தது, அப்புறம் அசையவே இல்லை. கையும் தொடையும் மெலிந்ததுதான் மிச்சம், தொப்பை அப்படியே இருக்கிறது. போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 5.9 வந்தது. பயந்துபோய் ஜிம்மில் சேர்ந்தேன். "கார்டியோ பக்கமே போகாதீங்க, தசை கரைஞ்சிடும்" என்கிறார் மாஸ்டர். மாரத்தான் ஓடும் நண்பரோ, "ஓடினாத்தான் தொப்பை போகும், வெயிட் தூக்கினா உடம்பு இறுகிடும்" என்கிறார். வாரத்தில் ஐந்து நாள், காலையில் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? எதை முதலில் செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: சேர்த்தே செய்யுங்கள். உங்களுக்கு இரண்டும் வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்தால் வெயிட் முதலில், கார்டியோ (நடை, ஓட்டம், சைக்கிள் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி) பிறகு. ஐந்து நாளில் மூன்று நாள் வெயிட்டுக்கு, இரண்டு நாள் கார்டியோவுக்கு. இவ்வளவுதான் பதில் என்றாலும், காரணம் தெரியாவிட்டால் அடுத்த வாரம் வேறு யாராவது வேறு ஏதாவது சொன்னதும் மாற்றிவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மாஸ்டர் சொன்னது வெறும் கட்டுக்கதை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆராய்ச்சியாளர், தானே எடை தூக்குகிறவர், 1980இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். மூன்று குழுக்கள், பத்து வாரம். ஒரு குழு எடை மட்டும் தூக்கியது. இன்னொரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாவது குழு இரண்டையும் முழுசாகச் செய்தது. ஏழாவது வாரம் வரை மூன்றாவது குழுவின் கால் பலம் முதல் குழுவோடு சேர்ந்தே ஏறியது. அப்புறம் நின்றுவிட்டது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவும் செய்தது. கார்டியோ தசை வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கு இதுதான் வேர்.

ஆனால் அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்று பாருங்கள். வாரத்தில் 5 நாள் எடைப் பயிற்சி. அதோடு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம், மூச்சு முட்டுகிற வேகத்தில் சைக்கிளும் ஓட்டமும். மொத்தம் வாரத்துக்கு 11 பயிற்சி. உங்களுக்கு இருப்பதோ வாரத்துக்கு 5 மணி நேரம். ஹிக்சனின் ஆட்களுக்கு வந்த பிரச்சினை உங்களுக்கு வர வேண்டுமென்றால், நீங்கள் வேலையையே விட வேண்டியிருக்கும்.

பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் படம் தெளிவாகிவிட்டது. அளவோடு செய்யும் கார்டியோ தசை வளர்வதையும் பலம் கூடுவதையும் பெரிதாகத் தடுப்பதில்லை. கொஞ்சம் அடி வாங்குவது வெடிப்பு வேகம்தான், அதாவது குதிப்பது, சட்டென்று பாய்வது போன்றவை. அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்யும்போதுதான் தெரிகிறது. கபடி ஆடுகிறவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டும், நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. ஓட்டத்தைவிட சைக்கிள் கால் தசைக்கு இதமானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் மோதி, தசையில் நுண்ணிய சேதம் கூடுகிறது. அது ஆற நேரம் வேண்டும்.

இனி உங்கள் நடை ஏன் நின்றுபோனது என்று பார்ப்போம். 78 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடச் சுமார் 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் அதை ஈடுகட்டிவிடும். எடை குறையக் குறைய அதே நடைக்கு உடல் செலவிடுவதும் குறைகிறது. நடந்துவிட்டு வந்தோமே என்று இட்லி ஒன்று கூடவும் செய்யும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நடையை மட்டும் வைத்து அதைக் கரைக்கப் பார்ப்பது, கிணற்றை டம்ளரால் இறைப்பது மாதிரி.

அதைவிட முக்கியமானது, கையும் தொடையும் மெலிந்துவிட்டன என்று நீங்கள் எழுதிய வரி. அதைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். குறைந்த அந்த 3 கிலோவில் ஒரு பங்கு தசை என்றே நினைக்கிறேன். நம் ஊர் உடல்வாகுக்கு இது பெரிய இழப்பு. புணே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கினோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3தான். ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது தெற்காசியர்களிடம் பரவலாகக் காணப்படும் அமைப்பு. அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் 98இல் இருக்கிறீர்கள்.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறிதானால் சரக்கு வெளியே தேங்கும். 5.9 என்பது சர்க்கரை நோய் இல்லை, ஆனால் அதன் வாசற்படி. திரும்பி வரக்கூடிய இடம். தசையைக் கரைத்து எடையைக் குறைப்பது உங்களுக்கு எந்த வகையிலும் லாபமில்லை. உங்கள் உடலுக்கு இதுவரை கிடைக்காமல் இருந்தது தூரம் இல்லை, பாரம்.

சரி, வாரத்தைப் பிரிப்போம்.

திங்கள், புதன், வெள்ளி வெயிட். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு நேராக எடைக்குப் போங்கள். ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடிவிட்டு ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) போடக் கூடாது. களைத்த காலோடு பாரம் ஏற்றினால் நிலை தவறும், முதுகு மாட்டும், தூக்கும் எடையும் குறையும். கொழுப்பு கரைவதைப் பொறுத்தவரை எதை முதலில் செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பலத்தைப் பொறுத்தவரை வெயிட் முதலில் வருவதே நல்லது.

பல தசைகளை ஒரே நேரத்தில் வேலை வாங்கும் பயிற்சிகளாக எடுங்கள். ஒரு நாள் ஸ்குவாட், படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், உடலை நோக்கி இழுக்கும் ரோயிங். அடுத்த முறை தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ், மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுன். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். ஒவ்வொன்றிலும் 3 செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப்ஸ் (தடவை), நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. "இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம், அதுக்கு மேல முடியாது" என்ற இடத்தில் செட்டை நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டதா, அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றுங்கள். தூக்கிய எடையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதமாக அதே 10 கிலோ டம்பெல்லைத் தூக்குகிறவருக்குத் தசை வளரக் காரணமே இல்லை. பலர் ஜிம்மில் தோற்பது இங்கேதான். கணக்கு வேலை பார்க்கிறவர் நீங்கள், இந்த நோட்டு உங்களுக்கு வசமாகும்.

முதல் மாதம் எடையைக் குறைத்து வைத்து, முறையை மட்டும் மாஸ்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் கண்ணெதிரே நின்று பார்க்கிறவர். இந்த விஷயத்தில் என் எழுத்தைவிட அவர் சொல் பெரிது. ஜிம் போக முடியாத நாளில் தண்டாலும் பஸ்கியும் போதும், அவையும் எடைப் பயிற்சிதான்.

முடிந்ததும் 10 அல்லது 12 நிமிடம் சைக்கிளை மிதமாக மிதியுங்கள். போதும்.

செவ்வாயும் சனியும் கார்டியோவுக்கு. செவ்வாய் 50 நிமிடம், ஒரே சீரான வேகத்தில். பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்கள் பழைய நடையை இந்த வேகத்துக்கு ஏற்றுங்கள், சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. சனிக்கிழமை முதல் நான்கு வாரம் இதையே செய்யுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி எட்டு முறை. வேகம் என்றால் பேச முடியாத அளவுக்கு. வெள்ளிக்கிழமை ஸ்குவாட்டில் கால் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சனி மட்டும் மெதுவாகவே போங்கள்.

இவற்றோடு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் தெருவில் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நன்றாக அடக்கும். எல்லாம் சேர்த்தால் வாரம் சுமார் 200 நிமிடக் கார்டியோ வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும். உங்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளும் அந்த இரவு நடைக்குள்ளும் அது அடங்கிவிடும்.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வியர்ப்பது, தொப்பைக்கென்று தினம் நூறு கிரஞ்சஸ் (படுத்தபடி தலையையும் தோளையும் தூக்குவது) போடுவது, இரண்டும் வேண்டாம். முதலாவதில் போவது தண்ணீர். இரண்டாவதில் வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேலுள்ள கொழுப்பு அங்கிருந்து மட்டும் கரையாது.

இப்போது தட்டுக்கு வருகிறேன். பாதி வேலை இங்கேதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எடை கூடிய 40 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2016இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வாரம் ஆறு நாள் எடைப் பயிற்சியும் வேகக் கார்டியோவும் சேர்த்தே கொடுத்தார்கள், நீங்கள் கேட்கும் அதே கலவை. தேவையான கலோரியில் 40 சதவீதத்தைக் குறைத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மறுபாதிக்கு 2.4 கிராம். நான்கே வாரத்தில், அதிகப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பு அல்லாத எடை 1.2 கிலோ கூடியது. மற்றவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, தசைப் பக்கம் அப்படியே நின்றது. அவ்வளவு கடுமையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் தசை கூடும்போதே கொழுப்பும் குறைய முடியும் என்பது இதில் தெரிகிறது. புதிதாக எடை தூக்க ஆரம்பித்தவர், உடலில் கொழுப்பு கூடுதலாக உள்ளவர், இந்த இருவருக்கும்தான் இது சுலபம். நீங்கள் இரண்டும்.

காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், இரவு மூன்று தோசை, நடுவில் டீ. இதில் புரதம் 50 கிராமைத் தாண்டுவது கஷ்டம். உங்களுக்கு நாளைக்கு 100 முதல் 110 கிராம் வேண்டும். காலையில் இரண்டு இட்லியைக் குறைத்து மூன்று முட்டை வையுங்கள், 18 கிராம். மதியம் சோற்றைப் பாதியாக்கி 150 கிராம் கோழியோ மீனோ, ஏறக்குறைய 30 கிராம். சாயங்காலம் வடைக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப், 10 கிராம். இரவு ஒரு கிண்ணம் தயிர், 6 கிராம். சைவம் என்றால் 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராமும், 100 கிராம் பனீரில் 18 கிராமும் கிடைக்கும். பனீரில் கொழுப்பும் இருக்கிறது, அதனால் எண்ணெயை அங்கே குறைத்துக்கொள்ளுங்கள். புரதப் பொடி கட்டாயம் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

சோற்றையும் எண்ணெயையும் டீ சர்க்கரையையும் குறைப்பதில் நாளுக்கு 400 கலோரி குறைந்தால் போதும். வாரத்துக்கு 300, 400 கிராம் இறங்கினால் சரியான வேகம். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று இறங்கினால் மறுபடி தசை போகிறது என்று அர்த்தம்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட சிறிய சோதனையில், ஒரே ஆட்களை ஒரே அளவு சாப்பாட்டில் இரண்டு வாரம் 8.5 மணி நேரமும், இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்க வைத்தார்கள். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய், தசைப் பக்கம் இழப்பு கூடியது. ஜிம்முக்காக நான்கு மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்குள்ளாவது போனை வைத்துவிட வேண்டும்.

எடை மெஷினைத் தினமும் பார்க்காதீர்கள். தொப்புள் மட்டத்தில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை அளங்கள். எடை அப்படியே நின்று, இடுப்பு இறங்கி, நோட்டில் தூக்கும் எடை ஏறினால் எல்லாம் சரியாகப் போகிறது. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் மருத்துவர், பிறகு ஜிம். தூக்கும்போது மூச்சை அடக்காமல், பாரத்தை மேலே தள்ளும்போது விடுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஐந்து நாளும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அப்போது கார்டியோ நாளை விடுங்கள், வெயிட் நாளை விடாதீர்கள். இரண்டே நாள் கிடைத்தாலும் இரண்டும் வெயிட்டுக்கே போகட்டும். நடையை மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் என்று உடைத்து எடுத்துக்கொள்ளலாம். பாரத்தை அப்படி உடைத்து வழியில் தூக்க முடியாது.